பொங்காலையன்று போன குரல்

கண் தெரியாதவனைக் கண்டதும், "கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பான், உங்களுக்குக் காது ரொம்பக் கூர்மையாக இருக்குமே" என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. என் காது எல்லோருக்கும் இருக்கிற காதுதான். கண் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்வதால் அதற்கு வேலை அதிகம், அவ்வளவே. இரண்டு ஆள் வேலையை ஒருவன் பார்த்தால் அவன் கெட்டிக்காரன் ஆகிவிடுவதில்லை. களைத்துப்போகிறான்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. நாகர்கோவிலிலும் மதுரையிலும் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அதுவரை நான் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். பார்வை முழுக்கப் போன பிறகு மற்றவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது சோறு ஊட்டிவிடுவது மாதிரி. பசி நம்முடையது, கவளம் அவர்களுடையது. நாம் மென்று முடிப்பதற்குள் அடுத்தது வாய்க்குள் வந்துவிடும், அல்லது ஊட்டுகிறவர் எழுந்து போய்விடுவார்.

திருவனந்தபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில், உடல் ஊனமுற்றோருக்கான இட ஒதுக்கீட்டில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த மனைவி, காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் சிதறுகிற சத்தம் கேட்டால் இறங்கத் தயாராவேன். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடியது. பிறகு தானாகவே இணைப்புக் கொடுக்கும் டெலிபோன் எந்திரம் வந்து, என் முன்னாலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் ஆங்கிலக் கடிதங்களைச் சொல்லச் சொல்ல அடிக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள்.

அந்த டைப்ரைட்டரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளை வெட்டும்போது மை படாமலிருக்க ரிப்பனை விலக்கி வைக்க ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. யாரோ ஸ்டென்சில் வெட்டிவிட்டு அதைத் திருப்பி வைக்காமல் போய்விட்டார்கள். காலையிலிருந்து நான் அடித்துக்கொண்டிருந்தேன். தாளை உருவுகிறேன், அடுக்குகிறேன், புதுத் தாள் செருகுகிறேன். சாயங்காலம் கையெழுத்துக்குப் போன கட்டு முழுக்க வெள்ளைத்தாள். யாரும் திட்டவில்லை. ஒருவர் சிரிப்பை அடக்குவது மட்டும் எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் செய்தது வேலையா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குச் சற்று முன்னால் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாம் விண்டோஸ். என் மேஜையிலும் ஒன்றை வைத்தார்கள், டைப்ரைட்டருக்குப் பதிலாக. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த, என்னைப் போலவே பார்வையில்லாத ஒரு நண்பர் ஒருநாள் ஒரு சிடியோடு வந்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். அதை ஏற்றி, என் காதில் ஹெட்போனை மாட்டி, "ஏதாவது அடியுங்க" என்றார். அடித்தேன். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு அயல்நாட்டு ஆண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. மேல் அம்புக்குறியை அழுத்தினேன். நான் அடித்த வரியை எனக்கே படித்துக் காட்டியது. அதில் ஒரு பிழை இருந்தது. நானே கண்டுபிடித்து நானே திருத்தினேன்.

நான் அழுதேன். அலுவலகத்தில், எல்லோரும் இருக்கும்போதே அழுதேன். பிழையைக் கண்டுபிடித்ததற்காக அழுதவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு என் கடிதங்களை யாரும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுடைய கடிதங்களும் என்னிடம் திருத்தத்துக்கு வரத் தொடங்கின. சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் ஆங்கிலப் பத்திரிகை படிப்பேன். தமிழ் அந்தக் குரலுக்கு வராது, அது ஒரு குறைதான். ஆனாலும் எதைப் படிப்பது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் என் விரலில் இருந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு என் சோற்றை என் கையால் தின்றேன்.

சாயங்காலக் கூட்டத்தில் நான் தனியாகப் பஸ் ஏறுவது என் மனைவிக்குப் பிடிக்காது. அழைத்துப்போக வருவாள், வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். ஹெட்போனை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவேன். அவள் அந்தக் குரலுக்கு வெள்ளைக்காரன் என்று பெயர் வைத்தாள். புதுப் பக்கம் திறந்தால், அல்லது எழுத்தில்லாத வரிக்குப் போனால், அது "பிளாங்க்" என்று சொல்லும்.

"என்னவாக்கும் உங்க வெள்ளைக்காரன் பிளாங்க் பிளாங்க்ணு சொல்லுகான்?"

"இங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்றான்."

"ஒண்ணும் இல்லண்ணு சொல்லதுக்கு ஒரு ஆளா? அத நம்ம வீட்டு அரிசிப் பானையே சொல்லும்லா!"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த வெள்ளைத்தாள் கட்டு ஞாபகம் வந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை.

அந்த மென்பொருள் திருட்டுப் பிரதி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அசலின் விலை அது ஓடுகிற கம்ப்யூட்டரைவிட அதிகம். ஒரு ஊரில் ஒருவரிடம் ஒரு சிடி இருந்தால் அந்த ஊர்க் குருடர்கள் எல்லோரிடமும் அது இருந்த காலம் அது. அலுவலகம் வாங்கித் தருமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரித்தார்கள்.

சில வருஷம் கழித்து, எங்கள் அலுவலகத்தில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் பேசும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அதிகாரி இருந்தார். எங்களைவிட இளையவர், நல்ல மனிதர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எங்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினார். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது திருட்டு, ஒரு அரசு அலுவலகம் திருடக் கூடாது. ஒரு கம்பெனியின் தயவில் நாம் ஏன் இருக்க வேண்டும்? லினக்ஸ் எல்லோருக்கும் பொதுவானது, இலவசம், மூடிமறைத்தது ஒன்றும் கிடையாது. இனி கள்ள சிடி ஏதாவது ஒரு மேஜையில் கண்டெடுத்தால் அந்த மேஜைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அநியாயக்காரனோடு சண்டை போடலாம். நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது?

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அண்ணா, இது ஸ்வாதந்திரியத்தோட காரியமாக்கும்" என்றார், உற்சாகம் அடங்காமல். "இதில ஒண்ணும் மறைச்சு வைக்கலை. ஆர்க்கும் திறந்து நோக்கலாம்."

"ஆர்க்கும்?" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு மெதுவாக, "பேசுற சாதனம் இதிலயும் வருதுண்ணு கேட்டிருக்கேன் அண்ணா. நம்ம மெஷினில இப்போ சரியாகுமான்னு அறியில்லா. நான் நோக்காம்" என்றார். பார்ப்பதாகத்தான் அர்த்தம். அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அண்ணாவோட பழைய சாதனத்துக்கு பில் உண்டோ? பில் இருந்தா அதைக் காட்டி இந்த ஒரு மெஷினை மட்டும் மாத்தாம விட்டுடலாம். நானே எழுதித் தராம்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். பில் இல்லை என்று சொன்னால், இருக்கிற திருட்டை நானே எழுதிக் கொடுத்தது மாதிரி. தேடிப் பார்க்கிறேன் என்றேன். இல்லாத பில்லைத் தேட அவர் எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க நான் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன். கிரிக்கெட், கல்யாண விளம்பரம், எங்கோ ஒரு நாட்டுத் தேர்தல் என்று கண்டதையெல்லாம் படித்தேன்.

மேஜை இழுப்பறையிலிருந்த சிடியை வீட்டுக்கு எடுத்து வந்து, அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சிடி கையில் இருந்தால் போதும், இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வீட்டிலேயே வெள்ளைக்காரனை உட்கார வைக்கலாம் என்றேன். அவள் அலமாரியைச் சாத்தினாள். அந்த நாட்களில் கள்ள சிடி விற்கிற கடைகளில் போலீஸ் புகுந்து அள்ளிக்கொண்டு போவது பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. எனக்குப் படித்துக் காட்டாத அந்தச் செய்திகளை அவள் தனக்குள் படித்துவைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஆற்றுகால் பொங்காலை, பெண்கள் தெருத்தெருவாக அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் நாள். ஊருக்கு விடுமுறை. எங்கள் தெருவில் முந்தின நாளே செங்கல் வைத்து இடம் பிடித்திருந்தார்கள். என் மனைவி ஒவ்வொரு வருஷமும் பொங்கலோடு மண்டைப்புட்டும் அவிப்பாள். தலையில் உள்ள நோய் தீர அம்மனுக்கு வைக்கிற பலகாரம் அது. கண்ணும் தலையில்தானே இருக்கிறது என்பது அவள் கணக்கு. நான் ஒரு முக்காலியில் அவளுக்குப் பக்கத்தில் விறகுக்கும் தண்ணீருக்கும் காவல். கோயிலில் அடுப்பு பற்றவைத்ததற்கு அடையாளமாகச் செண்டை மேளம் மைக்கில் கேட்டதும் தெரு முழுக்கப் பெண்களின் குரவை கிளம்பியது. ஓலையும் சிரட்டையும் தீப்பிடிக்க, புகை என் தொண்டைக்குள் இறங்கியது.

வெல்லம் இளகுகிற வாசனைக்கு நடுவே வேறொரு நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம்.

"என்ன எரியுது?"

"ஒண்ணும் இல்ல."

"என்ன எரியுதுன்னு கேட்டேன்."

அவள் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள். பிறகு என் காதருகே வந்தாள். "அந்த சிடிய அம்மைக்கிட்ட குடுத்துட்டேன். போலீசு வந்தா உங்களயாக்கும் கொண்டு போவான். ஜோலி போச்சுண்ணா, கண்ணு தெரியாத்தவனுக்கு வேற ஆரு ஜோலி தருவா? எனக்கு அந்த வெள்ளைக்காரன் வேண்டாம். நீங்க போதும்."

சுற்றிலும் பெண்கள், குரவை, எல்லார் கண்ணிலும் புகை. நான் என்ன கத்தினாலும் பக்திப் பரவசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கத்தவில்லை. அவள் பயந்து செய்தாள், என் மேலுள்ள பாசத்தில் செய்தாள், எல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அந்த வருஷத்துப் பொங்கலை நான் வாயில் வைக்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை. சிடி கொடுத்த நண்பரிடம் இன்னொன்று கேட்கலாமென்று அடுத்த நாள் போன் செய்தேன். ரெய்டுக்குப் பயந்து அவரும் தன்னிடமிருந்ததை உடைத்துப் போட்டிருந்தார். அவருக்கும் ஒரு மனைவி இருந்தாள்.

விடுமுறைக்குப் பிறகு அலுவலகம் போனேன். யாரும் இல்லாத நாள் தோதாக இருக்குமென்று, பொங்காலையன்றே, பில் வராத என்னுடையதையும் சேர்த்து, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் துடைத்து லினக்ஸ் ஏற்றி முடித்திருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம். வேறெதுவும் இல்லை. ஏதோ அடித்தேன். மேல் அம்புக்குறியை அழுத்தினேன். பிளாங்க் என்றுகூட அது சொல்லவில்லை.

அடுத்த மாதம், லினக்ஸுக்கு மாறியதற்கு ஒரு தொடக்க விழா எடுத்தார்கள். எங்கள் ஊரில் எதற்கும் ஒரு உத்காடனம் வேண்டும், அதற்கு ஒரு குத்துவிளக்கு வேண்டும். இந்தத் தடவை விளக்குக்குப் பதிலாக ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவது, உடனே திரையில் விளக்குப் படம் எரிவது என்று ஏற்பாடு. அழுத்துவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான தொழில்நுட்பம், அதனால் ஒரு மாற்றுத்திறனாளி. எங்கள் பிரிவின் தலைமையிலிருந்த சூப்ரண்டு அம்மாள் என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், என் விரலை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்தார். அழுத்தினேன். கைதட்டல் எழுந்தது. விளக்கு எரிந்திருக்க வேண்டும்.

மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்ன பேசுவதென்று நான் யோசித்து வரவில்லை. "இது பேச மாட்டேங்குது" என்றேன். மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது.

பின்வரிசையில் ஒருவர், "நம்ம ஆபீஸில பேசாம வேலை செய்யற ஒரே ஆள்!" என்றார். ஹாலே சிரித்தது. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். சிரிக்காதவர் கம்ப்யூட்டர் அதிகாரி ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மேடையிலிருந்து இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்த கை அவருடையது. என்னை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். சில மாதத்தில் அவருக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றல் வந்தது.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்தேன். இதை விவரிக்க வார்த்தை தேட வேண்டியதில்லை. காலையில் போய் உட்கார்வேன், சாயங்காலம் எழுந்து வருவேன். சம்பளம் வந்தது. யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தற்காலிகமாக நியமித்த ஒரு பெண்ணுக்கு என் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். சூப்ரண்டு அம்மாள் மூன்று மணியானால் வந்து நிற்பார். "ஸாரே, நேரத்தே பொய்க்கோளூ. எந்தினா வெறுதே இருக்குன்னது?" சீக்கிரம் கிளம்புங்கள், எதற்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைப் போல என்னை வேறெதுவும் அடித்ததில்லை. மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா நடக்கிறது என்று கேட்பார்கள். நான் இல்லாத அலுவலகம் நன்றாக நடந்தது.

வீட்டில் என் மனைவி தினமும் தமிழ்ப் பத்திரிகை படித்துக் காட்டத் தொடங்கினாள். நான் கேட்கவில்லை, அவளாகத் தொடங்கினாள். மரண அறிவிப்பும் தங்க விலையும் விரிவாக வரும். அரசியல் வந்தால் "இதுல ஒண்ணும் இல்ல" என்று தாண்டிவிடுவாள். சில நாள் பாதி வாக்கியத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். மீதியை நானே முடித்துக்கொள்வேன். பொங்காலையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மற்ற பொங்காலைகள் வந்துபோயின. மண்டைப்புட்டு அவிப்பதை அவள் நிறுத்தவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், புதிதாக வந்த கம்ப்யூட்டர் அதிகாரி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். லினக்ஸின் புதிய பதிப்பில் பேசும் வசதி கூடவே வந்துவிட்டது, முறைப்படி வந்தது, பில்லும் வேண்டாம், பயமும் வேண்டாம் என்றார். ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவசர வேலை என்று போய்விட்டார். ஹெட்போனின் பஞ்சு உளுத்துப்போய் என் காதில் துகளாக உதிர்ந்தது.

புது வெள்ளைக்காரன். பழையவனைவிட அதிகமாக மூக்கால் பேசினான். பழைய கடிதங்களைத் தேடினேன். அவை பொங்காலையன்றே போய்விட்டவை. ஒரு புதுப் பக்கம் திறந்தேன். விரல் மரத்திருந்தது, இருந்தாலும் எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. "ஐயா, எனக்குத் தரப்பட்டுள்ள கம்ப்யூட்டர் பேசுவதில்லை" என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அன்றைக்கு எழுத முடியாமற்போன மனு. மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கம்ப்யூட்டர் பேசுவதில்லை என்று கம்ப்யூட்டர் படித்தது, ஏற்ற இறக்கமில்லாமல், மிகத் தெளிவாக. பிழை ஒன்றும் இல்லை. யாருக்கு அனுப்புவது? சூப்ரண்டு அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய கம்ப்யூட்டர் அதிகாரி கோழிக்கோட்டில். என் வேலை வேறொருத்தியிடம், அவள் அதை நன்றாகவே செய்துகொண்டிருந்தாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். அழிகிற எழுத்தை எல்லாம் அது பெயர் சொல்லி வழியனுப்பியது. கடைசி எழுத்தும் போனபின் அம்புக்குறியை இன்னொரு முறை அழுத்தினேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழவங்காடி நெருங்கும்போது சொன்னேன்.

"வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். அந்தப் பழைய கேலி குரலில் இல்லை.

"என்னவாக்கும் சொன்னான்?"

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னான்."

வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள். நாங்கள் இறங்கத் தயாரானோம்.